முன்வரிசைக் கதிரை யாருக்கு?

2019 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்ற துடுப்பாட்டம், ஆட்டம் என்ற அளவில் நினைவிற் கொள்ளத்தக்கதன்று. பெங்களூர் அணி 70 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை அணி அவசரமின்றி வெற்றியை எடுத்துக்கொண்டது. ஆயின் அன்று விற்ற நுழைவுச்சீட்டுகளின் பணம் போய்ச் சேர்ந்த இடம் நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு 37 நாள்களுக்கு முன்னர், பெப்ரவரி 14 இல், காஷ்மீரத்துப் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவற்படையினர் 40 பேர் குண்டுவெடிப்பில் மாண்டனர். அவர்தம் குடும்பங்களுக்கே அம்முதலாட்டத்தின் சீட்டுப் பணம் செல்லும் எனச் சென்னை அணி அறிவித்தது. அணித்தலைவர் தோனி இரண்டு கோடி ரூபாவுக்கான காசோலையைக் கையளித்தார். அவ்வாண்டுத் தொடக்க விழாவின் ஆட்டபாட்டங்களைக் கைவிட்டு, அதற்கென ஒதுக்கிய பணத்தைப் படைகளுக்கு வழங்கியது இந்தியத் துடுப்பாட்ட வாரியம்.

மாண்ட நாற்பதின்மரில் இருவர் தமிழ்நாட்டார். ஒருவர் அரியலூர் மாவட்டத்துக்காரர். மற்றவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். தூத்துக்குடி நமக்கு அயலூர். மன்னார் வளைகுடாவின் அக்கரையில் அது, இக்கரையில் நாம். முத்துக்குளித்த காலந்தொட்டு ஒரே கடலில் உழைத்த கரைகள். அக்கரையில் ஒரு வீட்டில் எழுந்த அழுகுரல் இக்கரைக்குக் கேளாது என்று சொல்வதற்கில்லை. இந்தியப் படையை நாம் 1987 முதல் 1990 வரை அறிந்த விதம் வேறு. அதனை மறந்துவிட்டோம் என்று எவரும் எண்ணவேண்டா. எனினும் சம்பளத்துக்குச் சீருடை அணிந்து சென்ற ஓர் ஏழை உழவன் மகனின் பிணம் ஊர் திரும்பும்போது, அவன் வீட்டு வாசலில் நின்று பழைய கணக்கைப் புரட்டும் வழக்கம் தமிழனுக்கு இல்லை.

அச்சீட்டை வாங்கிய ரசிகன் என்ன செய்தான்? ஆட்டம் பார்க்கவே காசு கொடுத்தான், ஆட்டத்தையும் பார்த்தான். கொடையாளி என்று அவனை எவரும் அழைக்கவில்லை. இத்தகைய கொடையில் கூச்சமில்லை, ஆரவாரமும் இல்லை. இதனினும் ஒருபடி மேலே சென்ற முறையொன்று அமெரிக்காவில் உண்டு. அங்கே ஒரு பருவத்துக்குரிய சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் ரசிகர், தாம் செல்ல இயலாத நாளின் சீட்டை வீணாக்காமல், படையினருக்கும் படையிலிருந்து ஓய்வு பெற்றோருக்கும், போரில் மாண்டோரின் குடும்பத்தாருக்கும் கொடுத்துவிடுகின்றனர். இதனை ஒழுங்கு செய்வதற்கென்றே 2008 இல் முன்னாட்படையினர் சிலர் ‘வெட் டிக்ஸ்’ என்னும் அறநிறுவனத்தை அமைத்தனர். பெறுபவர் சிறியதொரு சேவைக் கட்டணம் செலுத்தினாற் போதும். பிரித்தானியாவில் 2009 இல் இதே நோக்குடன் இன்னோர் அமைப்பு தோன்றியது.

பணம் கொடுப்பதற்கும் ஆசனம் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டென்பது நம் எண்ணம். பணம் வீட்டுக்குப் போகிறது. கடனை அடைக்கிறது, கூரையை வேய்கிறது. அது வேண்டியதே. ஆனால் ஆசனம் வீட்டிலிருப்பவரை வெளியே அழைக்கிறது. கணவனை இழந்தபின் கோயிலுக்கும் கிணற்றடிக்கும் அப்பால் போகாதிருக்கும் பெண்ணையும், தந்தையின் படத்துக்கு மாலையிட்டே வளர்ந்த சிறுவனையும், ஆயிரம் பேர் கூச்சலிடும் ஓரிடத்திற் கொண்டுபோய் அமர்த்தி, நீயும் எங்களுள் ஒருவர், நீயும் கூச்சலிடு என்று சொல்கிறது.

அமெரிக்காவைப் போற்றுவோர் அங்கே நடந்த மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. 2015 நவம்பரில் மக்கேன், பிளேக் என்னும் இரு செனற்றர்கள் வெளியிட்ட அறிக்கையொன்று அந்நாட்டு மக்களைத் திடுக்கிடச் செய்தது. விளையாட்டரங்குகளில் கொடி விரித்தலும், படைவீரரை நடுமைதானத்திற்கு அழைத்துக் கைதட்டலும், போர்முனையிலிருந்து திரும்பியவர் தம் குடும்பத்தைத் திடீரெனக் கட்டித் தழுவும் காட்சியும் அணிகளின் அன்பளிப்பு என்றே மக்கள் நம்பியிருந்தனர். அவற்றுட் பலவற்றுக்குப் பாதுகாப்புத் திணைக்களமே விலை கொடுத்திருந்தது. அறிக்கை காட்டிய தொகை 68 இலட்சம் டொலர். வரிசெலுத்துவோன் பணத்தில் வாங்கிய கண்ணீர்! மறு ஆண்டில் அந்நாட்டு உதைபந்து லீக் ஏழு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிச் செலுத்தியது. தன் சீட்டைத் தானே கொடுத்த ரசிகனுக்கும், அரசிடம் காசு வாங்கிக்கொண்டு வணக்கம் செலுத்திய அணிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து கொள்க. முன்னது ஈகை. பின்னது விளம்பரம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைப் படையினருக்கு விளையாட்டில் இடமில்லை என்று எவரும் வருந்தத் தேவையில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் துடுப்பாட்ட அணிகளும் உதைபந்தாட்ட அணிகளும் உண்டு. 2008 யூலை 6 ஆம் நாள் கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 13 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்த அஜந்த மெண்டிஸ், பீரங்கிப் படையில் ஒரு சாதாரண வீரர். அவ்வெற்றிக்காக அவருக்குப் பதவி உயர்வுகள் கிடைத்தன. அந்தப் பந்துவீச்சு வியக்கத்தக்கதே. ஆனால் அந்த யூலை மாதத்தை மன்னார்ப் பெருநிலப்பரப்பு வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. கராச்சி ஆட்டம் முடிந்த பத்தாம் நாள், யூலை 16 இல், விடத்தல்தீவு படையினர் வசமாயிற்று. அவ்வூரும் அயலூர்களும் அதற்கு முன்பே மூட்டை முடிச்சுகளோடு வடக்கு நோக்கி நடந்துவிட்டன. நெல்லும் மாடும் வலையும் வள்ளமும் பின்னே கிடந்தன. ஒரே சீருடை, ஒரே மாதம். கொழும்பில் அதற்குக் கைதட்டினர். கட்டுக்கரைக்குளத்து உழவன் அதற்கு அஞ்சி ஓடினான். இவ்விரண்டும் ஒரு நாட்டின் ஒரே கதை என்பதை ஒப்புக்கொள்ளாதவரோடு ஆசனத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஒப்புக்கொள்வோரிடம் நாம் மேலும் பேசலாம். 2021 இல் தோக்கியோவில் நடைபெற்ற மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் விழாவில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் ஒரு படைவீரர். 2008 டிசெம்பரில் கிளிநொச்சிப் போர்க்களத்தில் காயமுற்றவர். அவர் வெற்றியைக் கண்டு நாம் முகம் சுளிக்கவில்லை. காயத்தோடு எழுந்து நின்றவனைக் காணும்போது கண் அவன் சீருடையைப் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுந்தே தீரும். அதே கிளிநொச்சியில், அதே மாதத்தில், எதிர்ப்புறத்தில் கையிழந்தவன் எங்கே? ஆயுதமே ஏந்தாமல் பதுங்குகுழியில் கால் இழந்த பெண் எங்கே? வயலிற் புதைத்த கண்ணிவெடியால் ஊன்றுகோலுக்கு வந்த விவசாயி எங்கே? ஈட்டியெறியக் கற்றுக்கொடுக்க அவர்க்கொரு படைமுகாம் இல்லை. 1999 இல் ரணவிரு சேவா அதிகார சபைக்கென நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. படையினரின் நலனையும் அவர் குடும்பத்தாரின் நலனையும் கவனிக்க ஒரு சபை உண்டாயிற்று. அச்சபை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சிங்களக் கிராமத்து ஏழைத்தாய் தன் மகனைப் படைக்கு அனுப்பியது நம்மீது கொண்ட பகையினாலன்று; பெரும்பாலும் வீட்டு அடுப்பு எரியவேண்டி. வானம் பொய்த்த ஆண்டின் கடனை, நெல் விலை விழுந்த ஆண்டின் கடனை, நம் முருங்கன் உழவனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அநுராதபுரத்து உழவனும் அதே கடனில் நிற்பவன்தான்.

தெற்கிலும் படத்தை நெஞ்சோடு அணைத்து நிற்கும் பெற்றோர் உண்டு என்பதைத் தமிழர் பலர் அறியார். போர்க்களத்தில் காணாமற்போன படையினரின் பெற்றோர் சங்கம் அமைத்து, பிள்ளை எங்கே என்று தம் அரசையே கேட்டு வந்தனர். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகம், நம்மவர் முறைப்பாட்டையும் காணாமற்போன படையினர் பற்றிய முறைப்பாட்டையும் ஒருங்கே ஏற்கக் கடமைப்பட்டது. அவ்வலுவலகம் எதைக் கண்டுபிடித்தது என்று கேட்டால் நம் தாய்மாரின் முகமே விடை. அது வேறு வழக்கு. இங்கே நாம் சுட்ட விரும்புவது ஒன்றே: அரசு இயற்றிய சட்டமே இவ்விரு தாயரையும் ஒரே ஏட்டில் எழுதிவிட்டது. ஏட்டில் ஒன்றாக இருக்கத் தக்கவர், அரங்கில் ஒரே வரிசையில் இருக்கத் தகாதவரா?

இவ்விடத்தில் நம்மவரிடமிருந்தே கடுமையான மறுப்பு ஒன்று எழும், எழவும் வேண்டும். 2011 சனவரியில் மன்னாரில், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, 1,46,679 பேரின் கணக்கு எங்கே என்று கேட்டார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் கண்மூடினார். அக்கேள்விக்கு விடை தரப்படாமலே. பிள்ளை எங்கே என்று கேட்பவளுக்கு ஆட்டம் பார்க்கச் சீட்டா என்று எவரேனும் சினந்தால், அச்சினம் நியாயமானது. நாமும் அச்சினத்தின் பக்கமே நிற்போம். விடைக்குப் பதிலாகச் சீட்டு நீட்டப்படுமாயின், அதனைக் கிழித்து எறிக. நீதிமன்றத்தில் கிடைக்கவேண்டியது மைதானத்தில் கிடைக்காது. ஆனால் அத்தாயின் வீட்டில் இன்னொரு பிள்ளையும் உண்டு. அண்ணன் காணாமற்போன நாளில் அது தொட்டிலிற் கிடந்தது. பந்தலிலும் வீதியோரத்திலும், பதாகையின் நிழலிலும் வளர்ந்தது. அதற்கு ஒரு மாலைப்பொழுது, பந்தைத் தவிர வேறொன்றையும் நினையாத ஒரு மாலைப்பொழுது, வேண்டுமா வேண்டாமா? அந்தத் தாயையே கேட்டுப் பாருங்கள். போராட்டத்தை ஒருநாளும் விட்டுக்கொடாத அவளே பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பாள்.

கொழும்பிலே நடக்கும் பேராட்டங்களுக்குச் சீட்டு வழங்குக என்று இனி எவரேனும் முன்வரக்கூடும். வரவேற்போம். ஆனால் சீட்டு மட்டும் தந்து கைகழுவும் கொடை நமக்குப் பயன்படாது. போர்க்காலத்தில் மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறங்கி, பொதியைத் தலையிற் சுமந்து, வரிசையில் நின்று மறு பேருந்து பிடித்துக் கொழும்பு சென்ற சனம் நம் சனம். சாவடி போயிற்று, தூரம் போகவில்லை. 1990 இல் அறுந்த தலைமன்னார்ப் புகையிரதப் பாதை, 2015 மார்ச் 14 இல் இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாரில் கொடியசைத்ததோடுதான் முழுதாக மீண்டது. இராப் பத்து மணிக்குப் பிறேமதாச அரங்கில் ஆட்டம் முடிந்தால், பேசாலைப் பெண்ணொருத்தி இரு பிள்ளைகளோடு எங்கே தங்குவாள்? கடற்றொழிலாளிக்கு இரு நாள் தொழில் கெடும். உழவனுக்கு அறுவடை காத்திருக்கும். ஆகவே போக்குவரத்துச் செலவும் தங்குமிடமும் சேர்ந்ததே சீட்டு. அவை இல்லாதது வெறுங்கடதாசி.

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியொன்று லங்கா பிரிமியர் லீக்கின் முதல் ஐந்து போட்டிகளில் நான்கில், 2020, 2021, 2022, 2024 ஆம் ஆண்டுகளில், கிண்ணம் வென்றது. அவற்றுள் ஓராட்டமேனும் வடமாகாணத்தில் நடைபெற்றதில்லை! அம்பாந்தோட்டையிலும் கண்டியிலும் கொழும்பிலும் தம்புள்ளையிலும் யாழ்ப்பாணம் வென்றது. யாழ்ப்பாணத்தார் தொலைக்காட்சியில் பார்த்தனர். மண்டைதீவில் பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்குக்கு 2025 செப்டெம்பர் முதல் நாள் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். கல்லின்மேல் சுவர் எழட்டும். எழும் நாளில் அவ்வரங்கின் ஒரு பகுதி இக்குடும்பங்களுக்கென எழுதிவைக்கப்படவேண்டும் என்று இன்றே கேட்டுவைக்கிறோம்.

அயலாரையும் அரசையும் கேட்டது போதும். நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மன்னார் உதைபந்தாட்ட மண். தீவிலும் கரையோரத்திலும் பள்ளிமுனை, பேசாலை, வங்காலை என்று ஊரூராகக் கழகம் உண்டு. கோயில் திருநாள் தவறினாலும் சுற்றுப்போட்டி தவறுவதில்லை. இறுதியாட்டத்தன்று அம்மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு நேரே பந்தல். பந்தலுக்குள் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். அவற்றின்முன் சிறு மேசை. மேசையில் தண்ணீர்ப் போத்தலும் குளிர்பானமும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மூவகை விருந்தினர். நாடாளுமன்ற உறுப்பினர், பிரதேச சபையார், திணைக்கள அதிகாரிகள், கடல்கடந்து வாழும் புரவலர். பல இடங்களில் அயல் முகாமின் படையதிகாரியும் அங்கே அமர்வார். ஆட்டம் ஐந்து மணிக்கென்றால் ஐந்தரை வரை கதிரை வெறுமையாகக் கிடக்கும். விளையாடுவோர் வெயிலில் நிற்பர். விருந்தினர் வந்து, மாலையும் பொன்னாடையும் ஏற்று, இடைவேளையோடு எழுந்து செல்லும்போது பாதிக் கதிரை மறுபடியும் வெறுமை. சுற்றிவரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் நிற்கும். அந்த ஊருக்குள், கூட்டத்தின் பின்னால், எட்டிப் பார்க்கவும் இயலாமல் ஊன்றுகோலில் நிற்பவர் யார் என்று பந்தலிலிருந்து பார்த்தால் தெரியாது.

அமெரிக்க ரசிகனிடமுள்ள பருவச்சீட்டு நம்மிடமில்லை. நம் மைதானங்களில் விற்கத்தக்க சீட்டென்பதே அரிது. நாம் விட்டுக்கொடுக்கக் கூடியது இந்தப் பந்தற் கதிரையே. வரமுடியாத விருந்தினருக்காகக் காத்துக் கிடக்கும் கதிரையும், வந்தவர் பாதியில் விட்டுச் செல்லும் கதிரையும் ஒருபுறம் இருக்க, முதலிலேயே பத்துக் கதிரையை அவர்க்கென ஒதுக்கினால் கழகத்துக்கு வரும் நட்டம் என்ன? புரவலர் கோபிப்பார் என்பர் சிலர். கோபிக்கும் புரவலர் எத்தகையவர் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

யாரை அழைப்பது என்பதில் சண்டை வரும். பங்குத்தந்தையும் பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் அறங்காவலரும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் கூடியிருந்து பெயர் சொல்லட்டும். பள்ளிவாசலை நாம் ஒப்புக்குச் சேர்க்கவில்லை. 1990 ஒக்ரோபரில் இம்மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் இழப்பு, நம் கையால் நேர்ந்த இழப்பு. எருக்கலம்பிட்டியையும் முசலியையும் விட்டுவிட்டு மன்னாரின் துயரக் கணக்கை எழுதுபவன் பொய்க் கணக்கு எழுதுகிறான். 2007 இல் வெளியேறி, கடற்படை பிடித்த தம் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்து, போராடி, 2017 இல் ஒரு பகுதிக்கு மட்டும் இணக்கம் பெற்ற முள்ளிக்குளத்தாரும் அக்கணக்கில் உண்டு.

அப்படியானால் படையினரின் குடும்பம்? மன்னாரில் ஆட்டம் பார்க்க அவர்களும் வரட்டும். மதவாச்சிக்கு அப்பால் வாழும் ஒரு விதவை, தன் கணவன் மாண்ட மண்ணை ஒருமுறை காணவேண்டும் என்று வருவாளாயின், அவளுக்கும் அப்பத்தில் ஒரு கதிரை உண்டு. அவள் கணவனின் மேலதிகாரிக்கு இல்லை. அவர் கதிரைக்குக் குறைவில்லாதவர்.

இன்னும் ஒன்று. நம்மவரின் குறை அறிந்தே சொல்கிறோம்: அன்று ஒலிபெருக்கி வாய்மூடியிருக்கவேண்டும். “இன்று எமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் போரினாற் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு” என்று தொடங்கி ஊரறியப் பெயர் சொல்லி, நடுமைதானத்துக்கு அழைத்து, ஒரு பொதியைக் கையில் திணித்து, நிழற்படம் எடுத்து, மறுநாள் பத்திரிகைக்கு அனுப்பும் கழகம் இக்காரியத்தைச் செய்யாமலே இருப்பது நன்று. அந்தப் படம் நமக்கு வந்தால் இப்பத்திரிகை அதனை வெளியிடாது. வந்தவர் விருந்தினர்போல் வந்து அமரட்டும். குளிர்பானம் அவர்க்கும் வரட்டும். தம் ஊர் அணி தோற்றால் நடுவரை ஏசட்டும்.

சுற்றுப்போட்டிகளின் அழைப்பிதழில் விருந்தினர் பெயர்களை இறக்கம் வரிசையில் அச்சிடுவது கழகச் செயலாளர்களின் வழக்கம். அடுத்த இறுதியாட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போகுமுன், எந்தப் பத்துப் பெயர்களை அதிலிருந்து எடுத்துவிடுவது என்று செயற்குழு கூடித் தீர்மானிக்கட்டும்.